ஏறி வாங்கண்ணே!

"காத்தவராயண்ணே! வேலைய அப்படியே போட்டுட்டு மேல ஏறி வாங்க! உங்க பொண்ணுக்கு வலி வந்துடுச்சாம். ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் வந்துச்சு!"

கட்டடத்தின் பின்பக்கம், பக்கத்து வீட்டு மதிலை ஒட்டித் தோண்டிய பன்னிரண்டு அடி ஆழக் குழிக்குள் குந்தி உட்கார்ந்து கம்பி கட்டிக்கொண்டிருந்த காத்தவராயன் நிமிர்ந்து பார்த்தார். மேலே ஜூலி நின்றிருந்தாள். ரெட்டியார்பாளையத்தில் எழும்பிக்கொண்டிருக்கும் அந்த அடுக்குமாடிக் கட்டடத்துக்குப் பாதுகாப்பு அதிகாரியாக வந்து பத்து நாள்தான் ஆகிறது. வந்த நாளிலிருந்து ஓயாத நச்சரிப்பு. ஹெல்மெட் எங்கே, தண்ணியில் கிடக்கிற கரண்ட் ஒயரைத் தூக்கிக் கட்டு, நைந்துபோன சாரக் கயிற்றை மாற்று என்று நாள் முழுக்கத் தொண்டை வற்றக் கத்துவாள். அவசரத்துக்குக் கூப்பிடச் சொல்லி எல்லார் வீட்டுக்கும் தன் நம்பரைக் கொடுத்து வைத்திருந்தாள்.

காத்தவராயன் கையிலிருந்த கொக்கி நழுவியது.

"எட்டு மாசம்தானேம்மா ஆவுது! இன்னும் நாள் கெடக்கே?"

"பேச நேரமில்லண்ணே, வாங்க! அருள்முருகா, நீயும் ஏறி வா. உன் வண்டியிலதான் அண்ணன் போவணும்."

பக்கத்தில் கம்பியை வளைத்துக்கொண்டிருந்த அருள்முருகன், "தோ, இந்த வரிசைய முடிச்சுட்டு வரேன் மேடம்" என்றான்.

"இப்பவே வாடா!"

அவள் குரல் உடைந்துபோனது. அதைக் கேட்டதும் காத்தவராயன் ஏணிப் பக்கம் பாய்ந்தார். மகள் சிந்துஜாவுக்குப் பிரஷர் அதிகமாக இருக்கிறது, கவனமாக இல்லாவிட்டால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து என்று போன வாரம்தான் டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

அவசரமாக ஏறினார்; பின்னாலேயே அருள்முருகனும். பாதியில் ஒரு தடவை கால் வழுக்கியது. ஜூலி கையைப் பிடித்து மேலே இழுத்தாள். வெயிலில் நின்றிருந்தவளின் கை ஐஸ் மாதிரி சில்லிட்டிருந்தது.

"போனு ஷெட்டுல கெடக்குது. எடுத்துக்கினு வந்துடறேன்" என்று குழியைச் சுற்றிக்கொண்டு ஓடப் பார்த்தார்.

"அந்தப் பக்கம் போவாதீங்க!" அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். "போன் வேணாம்."

ஏன் வேண்டாம் என்கிறாள்? பொண்டாட்டி சின்னப்பாப்பா கூப்பிட்டிருப்பாள். அவள் சொல்லப்போவதை நான் கேட்டுவிடக் கூடாது என்று ஜூலி நினைக்கிறாளா?

குழியோரம் டீ குடித்துக்கொண்டிருந்த மேஸ்திரி ஹரிகிருஷ்ணன் எரிச்சலோடு எழுந்தார். "என்னா மேடம், ரெண்டு ஆளையும் கூட்டிக்கினு போனா எப்படி? இன்னிக்குக் கம்பி முடியலன்னா இன்ஜினியர் என்னைத்தான் கேப்பாரு."

"நீங்களும் வாங்க மேஸ்திரி. கூடப் பெரிய ஆளு ஒருத்தர் வேணும்."

பெரிய ஆள் வேணும். எதற்கு வேண்டும் என்று காத்தவராயனுக்குத் தெரியும். தம்பி பெண்சாதி செத்துப்போனபோதும் ஆஸ்பத்திரியிலிருந்து இப்படித்தான் சொல்லி அனுப்பினார்கள். மேஸ்திரிக்கும் அது புரிந்திருக்க வேண்டும். மறுபேச்சுப் பேசாமல் பின்னால் வந்தார்.

ஜூலி மூன்று பேரையும் தள்ளாத குறையாக வாசல் பக்கம் விரட்டினாள். நடக்க நடக்கத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அவள் உதடு மட்டும் "மாதாவே, மாதாவே" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

அருள்முருகன் வண்டியைக் கிளப்பினான். "எந்த ஆஸ்பத்திரி மேடம்?"

ஜூலி மறுபடியும் பின்பக்கம் திரும்பிப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது.

காத்தவராயன் அவளைக் கும்பிட்டார். "மறைக்காத யம்மா. என்னா ஆனாலும் தாங்கிக்கிறேன். எம்பொண்ணு உசுரோட இருக்காளா?"

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. லாரி மணலைக் கொட்டுவதுபோல முதலில் ஒரு பெரிய 'தொப்'. அதைத் தொடர்ந்து சுவர் இடிந்து விழும் சத்தம். கட்டடத்தின் பின்பக்கத்திலிருந்து புழுதி எழும்பியது.

மேஸ்திரியும் அருள்முருகனும் ஓடினார்கள். காத்தவராயனும் என்னவென்று தெரியாமல் கூடவே ஓடினார்.

குழி இருந்த இடத்தில் குழி இல்லை. ஈர மண்ணும் பக்கத்து வீட்டு மதிலின் செங்கல்லுமாக மூடிக் கிடந்தது. ஏணியின் நுனி மட்டும் ஒரு சாண் வெளியே தெரிந்தது.

அருள்முருகன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். மேஸ்திரி தலையில் கை வைத்துக்கொண்டார்.

காத்தவராயன்தான் அருள்முருகனின் தோளைப் பிடித்து உலுக்கினார். "எழுந்திருடா! மண்ணப் பாக்கற நேரமா இது? எம்பொண்ணு அங்க என்னா பாடுபடறாளோ!"

பின்னாலேயே வந்த ஜூலி விம்மினாள். "காலையிலேர்ந்து மூணு வாட்டி சொன்னேண்ணே. ரெண்டு நாள் மழையில மண்ணு ஊறிப்போயிருக்கு, சவுக்குக் கட்டையும் பலகையும் வச்சு முட்டுக் குடுக்காம யாரும் எறங்காதீங்கன்னு. இன்ஜினியர் கேக்கல, மேஸ்திரி கேக்கல. நீங்களும் சிரிச்சுட்டு எறங்கிட்டீங்க. இப்ப வந்து பாத்தா, மதிலோரமா விரல் நுழையற அளவுக்கு விரிசல்..."

"அந்தக் கதையெல்லாம் அப்புறம் சொல்லும்மா! எந்த ஆஸ்பத்திரின்னு சொல்லு!"

"எந்த ஆஸ்பத்திரியும் இல்லண்ணே, யாரும் போன் பண்ணல" என்றாள் ஜூலி. "மண்ணு சரியப் போவுதுன்னு சொன்னா சிரிக்கிறீங்க. பொண்ணுக்கு வலின்னு சொன்னாத்தானே ஏறி வருவீங்க?"