துணைக்குப் போனவள்

குடித்துவிட்டுக் கார் ஓட்டி இரண்டாவது முறையாகக் கணவர் பிடிபட்டபோது, நீதிமன்றம் காருக்குள் ஒரு கருவியைப் பொருத்தச் சொன்னது. அதன் குழாயில் ஊத வேண்டும். மூச்சு சுத்தமாக இருந்தால் பச்சை விளக்கு எரியும். இல்லாவிட்டால் வண்டி அசையாது.

மெஷினை மட்டும் நம்பி இருக்க மனைவிக்கு மனம் வரவில்லை. அவர் காரை எடுக்கும்போதெல்லாம் எட்டு வயது மகளையும் ஏற்றி அனுப்பினாள்.

"நீ பக்கத்துல இருந்தா அப்பா குடிக்க மாட்டாருடி."

ஆறு மாதம் கழித்து வந்த அதிகாரி கருவியில் இருந்த பதிவைப் பார்த்து அசந்துபோனார்.

"ஒரு தடவைகூடத் தப்பு இல்லம்மா. கழட்டிடலாம்."

அவளுக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது.

அதிகாரி கருவியோடு போனதும், கணவர் சாவியைச் சுழற்றிக்கொண்டே வெளியே நடந்தார். மகளின் முகம் மட்டும் வாடிக் கிடந்தது.

"என்னடி, அப்பா திருந்திட்டாருன்னு சந்தோஷம் இல்லையா?"

"இனிமே நான் ஊத வேண்டாமாம்மா? நான் ஊதினாத்தான் பச்சை எரியும். குடிச்சாலும் அப்பா நல்லாத்தான் ஓட்டுவாராம். மெஷினுக்குத்தான் அது புரியலையாம்."

வாசலில், சாவியைத் திருப்பியதுமே கார் கிளம்பியது.