தாய்மாமன் வருகிற பாட்டு

“மாமா வர்ற வரைக்கும் பாட்டு முடியக் கூடாது சார்.”

சிலம்பரசன் மவுஸை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தான். பிளாஸ்டிக் நாற்காலியில் அந்தப் பெண் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கல்லூரிக்குப் போகிற வயது. தீபிகா என்று போனில் சொல்லியிருந்தாள். தங்கைக்கு மஞ்சள் நீராட்டு விழா, அதற்கு டிஜே மிக்ஸ் வேண்டும் என்று சிதம்பரத்திலிருந்து திருப்பாதிரிப்புலியூருக்கு பஸ் ஏறி வந்திருக்கிறாள்.

“பாட்டுன்னா முடியத்தாம்மா செய்யும். மாமா சீர்வரிசையோட கோயில்லேர்ந்து மண்டபத்துக்கு நடந்து வர எவ்ளோ நேரம் ஆவும்?”

“தெரியல சார்.”

“சரி, எப்ப கெளம்புவாரு?”

“அதுவும் தெரியல. வருவாரான்னே தெரியல.”

சிலம்பரசனுக்குத் தலை சுற்றியது. வீட்டுக் கம்ப்யூட்டரில்தான் அவன் பிழைப்பு. கல்யாணமோ காதுகுத்தோ, கேட்ட பாட்டுகளை ஒன்றோடொன்று இழைத்து பென் டிரைவில் போட்டுக் கொடுத்துவிடுவான். மண்டபத்தில் ஸ்பீக்கர் கட்டுகிறவன் அதைச் செருகிவிட்டால் வேலை முடிந்தது. வருவாரா மாட்டாரா என்று தெரியாத ஆளுக்கு வரவேற்புப் பாட்டு கேட்டு இதுவரை ஒருவரும் வந்ததில்லை.

“வரமாட்டாருன்னா எதுக்கும்மா பாட்டு? பேசாம ஒண்ணுவிட்ட மாமா யாரயாச்சும் நிக்க வைங்க.”

“அப்பாவும் அதத்தான் சொல்றாரு. அம்மா ஒத்துக்கல. கூடப் பொறந்தவன் மாலை போடலன்னா விழாவே வேணாம்னு அழுவுறாங்க. அவுங்களப் பாத்து தங்கச்சியும் அழுவுது. மண்டபம் புடிச்சாச்சு, ஊரெல்லாம் சொல்லியாச்சு சார்.”

“சார் எல்லாம் எதுக்கு? அண்ணான்னே கூப்புடு.”

“அண்ணான்னு கூப்புட வராது சார்.”

என்ன பெண்ணோ என்று நினைத்துக்கொண்டு அவன் திரைக்குத் திரும்பினான். அதில் இரண்டு இசைத்தட்டுகள் சுற்றிக்கொண்டிருந்தன.

“இங்க பாரு. இடது தட்டுல மாமா பாட்டு. வலது தட்டுல பொண்ணு மணைக்கு வர்ற பாட்டு. இந்த லூப் பட்டன அமுக்கினா மேளம் அடிக்கிற எடம் மட்டும் திரும்பத் திரும்ப ஓடும். மாமா வாசலுக்கு வந்ததும் லூப்ப எடுத்துட்டு, நடுவுல இருக்கற கோட்ட மெதுவா வலது பக்கம் தள்ளணும். ஆனா இத பென் டிரைவ்ல தர முடியாது. ஆள் உக்காந்துதான் போடணும்.”

“அப்ப நீங்க வாங்க.”

“சிதம்பரத்துக்கா? அங்க நான் வர்றதில்ல.”

“ஏன் சார்?”

“வேற எந்த ஊருன்னாலும் பாக்கலாம். சிதம்பரம் வேணாம்.”

அவன் முகம் கறுத்துப் போனது. அவளும் வற்புறுத்தவில்லை. நாற்காலியை இழுத்துக் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

“அப்ப எனக்குச் சொல்லிக் குடுங்க.”

இது அடுத்த குழப்பம். பெண்ணுக்கு அக்கா என்றால் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு ஆரத்தித் தட்டோடு முன்னால் நிற்க வேண்டியவள். இவளோ ஓரமாக லேப்டாப்பைக் கட்டிக்கொண்டு உட்காருகிறேன் என்கிறாள்.

“ஏம்மா, இதுக்கு வேற ஆளா கெடைக்காது?”

“கெடைக்கும். ஆனா மாமா வர்ற நேரத்துல யாரும் சொதப்பிடக் கூடாது சார். நானே பாத்துக்கறேன்.”

முதல் தடவை அவள் கோட்டை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டாள். இரண்டு பாட்டும் முட்டி மோதிக்கொண்டதில் பக்கத்து வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்தது. அடுத்த தடவை லூப்பை எடுக்க மறந்தாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு மிக்ஸுக்குப் போய் அழுவார்களா என்று அவனுக்குப் புரியவில்லை. ஆனாலும் பாவமாக இருந்தது. பொறுமையாகத் திரும்பவும் காட்டினான். கடைசியில் ஒரு பாட்டு அடங்கவும் இன்னொன்று எழும்பவும் சரியாக வந்தது.

“அவ்ளோதான், புடிச்சிட்ட. இப்ப கோட்டத் தள்றதுக்கு முன்னாடி, ‘இதோ வருகிறார் தாய்மாமன்’னு என் குரல்ல ஒரு அறிவிப்பு வரும். அதுல சேக்கறதுக்கு மாமா பேரச் சொல்லு.”

அவள் லூப் பட்டனைத் திரும்பத் திரும்ப அமுக்கிக்கொண்டிருந்தாள்.

“பேரு கூடவா தெரியாது? ஆமா, அப்படி என்னதான் சண்டை அவருக்கும் உங்களுக்கும்?”

“மாமா கல்யாணப் பத்திரிகையில எங்க அப்பா பேரு விட்டுப் போச்சாம். நான் அப்ப ரொம்பச் சின்னப் பொண்ணு. அன்னிலேர்ந்து போக்குவரத்தே இல்ல.”

சிலம்பரசன் மைக்கைக் கையில் எடுத்தவன், அதை ஆன் செய்யாமலே வைத்துக்கொண்டிருந்தான்.

“அது அச்சாபீஸ்காரன் செஞ்ச தப்பாக் கூட இருக்கும்மா” என்றான். முன்பின் தெரியாத ஒரு மாமாவுக்குத் தான் எதற்கு வக்காலத்து வாங்குகிறோம் என்று அவனுக்கே விளங்கவில்லை.

“இருக்கும். அம்மாவும் இப்ப அப்படித்தான் சொல்றாங்க.”

“சரி, பேரச் சொல்லு. பதிஞ்சிடலாம்.”

அவள் திரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

“சிலம்பரசன்னு உங்க பேரையே சொல்லுங்க. நான் தீபிகா இல்ல, உங்க அக்கா சந்திரலேகாவோட பெரிய பொண்ணு எழிலரசி. கோட்டத் தள்ள நான் உக்காந்திருப்பேன், நீங்க மாலையோட நடந்து வந்தாப் போதும் மாமா.”