திரையைத் தாண்டும் புகை

மதிய வெயில் ஜன்னல் வழியே வந்து மூலிகைப் புகையின் மேல் படுத்துத் தூங்குகிறது. நர்ஸ் யூன்ஷி, மாசிபத்திரி மூலிகையை உருட்டிக் கொளுத்திய சுருட்டின் கனலை முதல் கட்டில்காரியின் முழங்காலுக்குக் கீழே, தோலில் படாமல் வட்டமாய்ச் சுழற்றுகிறாள். வயிற்று அறுவைக்குப் பின் குடல் விழித்துக்கொள்ள இந்தச் சூடு உதவுமா என்பதுதான் அவளுடைய ஆய்வு. பக்கத்துக் கட்டில் ஃபான் அத்தை சூடு பெறாத குழு. மாலைக்குள் காற்றுப் பிரியாவிட்டால் மறுபடி அவள் மூக்கில் குழாய். "எனக்கும் கொஞ்சம் காட்டேன்டி பொண்ணு!" "சீட்டுக் குலுக்கிப் பிரிச்சது அத்தை. காட்டினா ஆய்வே கெட்டுடும்." "அப்போ புகையையும் பிடிச்சு வச்சுக்கோ!" போர்வைக்குள்ளிருந்து ஒரு மெலிந்த கால் புகையைத் தேடி நீள்கிறது. யூன்ஷியின் மறு கை இரு கட்டில்களுக்கும் நடுவே உள்ள திரையைப் பற்றுகிறது. இழுக்க மனம் வரவில்லை. புகை நீலமாய் மிதந்துபோய் அந்தக் காலைத் தடவுகிறது. அறையே தண்ணீருக்கடியில் இருப்பதுபோல் அசையாமல் நிற்கிறது. அப்போது ஃபான் அத்தையின் போர்வைக்குள்ளிருந்து, மெல்லிய ஊதல்போல், நீண்ட ஒரு சத்தம். "அடிப்பாவி! சூடு எனக்கு, காத்து உனக்கா?" என்று முதல் கட்டில்காரி கட்டிலைத் தட்டுகிறாள். ஃபான் அத்தைக்கு அது காதில் விழவில்லை. கண்கள் நிறைய, "காத்து பிரிஞ்சிடுச்சே, இனி கஞ்சித்தண்ணி தருவீங்கதானே?" என்று கேட்கிறாள். யூன்ஷியின் கை இன்னும் இழுக்காத திரையிலேயே இருக்கிறது.