இருபத்தோரு கோலுக்குப் பிறகு

ஆட்டுக்குட்டிகளுக்கும் வாத்துக்குஞ்சுகளுக்கும் கால்பந்துப் போட்டி நடந்தது. இடைவேளைக்குள் ஆட்டுக்குட்டிகள் இருபத்தோரு கோல் போட்டுவிட்டன. வாத்துக்குஞ்சுகள் ஒன்றுகூடப் போடவில்லை.

"போதும் அண்ணே, பிள்ளைங்க பாவம்" என்று தாய் வாத்து கெஞ்சியது.

ஆட்டுக்குட்டிகளுக்குக் கோச்சாக இருந்த கிடா காதிலேயே வாங்கவில்லை. "விடாதீங்கடா! இன்னும் போடுங்க!" என்று கத்தியது.

வாத்துகளின் கோல்கீப்பர் ஒரு நொண்டிக் குஞ்சு. அது பாய்ந்து பாய்ந்து சேற்றில் விழுந்தது. விழுந்த ஒவ்வொரு முறையும் எழுந்து நின்றது.

எதிர்முனையில் ஆடுகளின் கோல்கீப்பரான செவலைக்குட்டி பந்தைத் தொடவே இல்லை. நின்று நின்று அதற்குக் கால் மரத்துவிட்டது. கடைசியில் அலுத்துப்போய் மைதானத்தைக் கடந்து நடந்தது. நொண்டிக் குஞ்சின் பக்கத்தில் போய் நின்றது.

"நீ இடது பக்கம் பாரு, நான் வலது பக்கம் பாக்குறேன்."

அடுத்த பந்து வேகமாக வந்தது. செவலை முட்டித் தள்ளியது. நொண்டிக் குஞ்சு இறக்கையடித்துக் கூவியது.

"அடேய் செவலை! நீ எந்த டீம்டா?" என்று கிடா அலறியது.

"பந்து வர்ற டீம், மாஸ்டர்! அங்கே நான் வேலிக்கம்பு மாதிரி நிக்கணும். இங்கேதான் விளையாட முடியுது."

பந்தை அடித்த ஆட்டுக்குட்டி அன்று முதல்முறையாகச் சிரித்தது. "இதையும் தடு பாக்கலாம்!" என்று மறுபடி ஓடிவந்தது.