போர்டு ஏற்றிய கூலி

மகள் கல்யாணத்துக்குக் கடனாக எடுத்த பாத்திரத்துக்குத் தளவாய் இன்னும் தரவேண்டியது நாலாயிரத்து முந்நூற்று நாற்பது ரூபாய். ஆக்குளம் காயலோரத்து இந்த பஜாரில் ஒரு காலத்தில் ஓணச் சமயம் நிற்க இடம் கிடைக்காது. மிஞ்சியிருந்த ஒரே கடையையும், அவன் கடன்பட்ட பாத்திரக்கடையை, கோமதியம்மாள் இன்று காலி செய்கிறாள். தண்ணீரில் பட்டுத் திரும்பும் வெயில் பூட்டிய ஷட்டர்களில் நெளிகிறது. பஜார் சுமைகூலியான தளவாய் அண்டாக்களை ஒவ்வொன்றாக லாரிக்குச் சுமக்கிறான். கடைக்குள் தரை தெரியத் தெரிய அவன் மனக்கணக்குப் போடுகிறான். இன்றைய கூலி கடனில் கால்வாசிக்குக்கூட வராது. “எந்தா தளவாய், பாக்கி ஞாபகம் உண்டோ?” என்கிறாள் அவள். “உண்டும்மா, அடுத்த மாசம்...” “அடுத்த மாசம் யாருகிட்ட கொண்டு குடுப்பே, காயல் மீனுகிட்டயா? ஏறி அந்த போர்டை இறக்கு.” ஏறி இறக்குகிறான். பன்னிரண்டு வருஷம் முன்பு அதை ஏற்றியதும் அவன்தான். கடை திறக்கும் நாளில் போர்டு ஏற்றக் கூலி கேட்கிற வழக்கமில்லை. ஒரு சீப்புப் பழத்தோடு சரி. “அன்னைக்கு ஏத்தினதுக்கு நான் ஒண்ணும் தரலைல்லா? அந்தக் கூலியில உன் பாக்கி கழிஞ்சு, கேட்டியா” என்று சொல்லிவிட்டு அவள் லாரியில் ஏறுகிறாள். தலையில் போர்டோடு தளவாய் நிற்கிறான். கடன் தீர்ந்துவிட்டது, நாளைக்கு அவனைக் கூப்பிட இந்தக் கரையில் ஒரு கடையும் இல்லை.