ரப்பர் தூளுக்கு அடியில்

ஜூன் 11, செவ்வாய்.

இன்று ஒரு தவறு செய்தேன். வேலைச் சீட்டில் எழுதும் முன்பே மெஷினுக்குக் காற்றடித்துத் தூளை ஊதிவிட்டேன்.

பழுதுபார்க்கும் எங்கள் கடைக்கு மரம் அறுக்கும் மெஷின் வந்தால் முதலில் அதன் பக்க மூடியைக் கழற்ற வேண்டும். உள்ளே என்ன இருக்கிறதோ அதை எழுத வேண்டும். பிறகுதான் சுத்தம்.

வந்தது மரம் வெட்டும் டென்சன் அண்ணனின் மெஷின். பதினோரு வருடமாக ஓடுகிறது. மற்றவர்களுடையது நாலைந்து வருடத்தில் பழைய இரும்புக்குப் போய்விடும். தூளும் எண்ணெயும் இறுகி, சூடேறித்தான் பெரும்பாலும் சாகின்றன. அவர் அதற்கு விடமாட்டார். வாரம் தவறாமல் கொண்டுவருவார்.

மேலே ரப்பர் மரத்தூள். வெள்ளை.

காற்றடித்தேன். அடியில் இறுகியிருந்த அடை பெயர்ந்து சட்டையெல்லாம் தெறித்தது.

மஞ்சள்.

பலா அறுத்தால்தான் இப்படி வரும். அயனி மரமாகவும் இருக்கலாம். எனக்கு மரம் அவ்வளவு தெரியாது.

ரப்பர் தவிர வேறு ஏதாவது அறுத்தீர்களா என்று கேட்டேன். இந்த மாதம் முழுக்க ரப்பர்தான் என்றார். சீட்டில் எழுதத்தான் கேட்டேன் என்றேன்.

"மக்களே, நீ மிஷினத் தொடச்சா போதும். எந்த மரம்ணு கேக்கிய வேல உனக்கு யாரு தந்தா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பிறகு மூடியில் ஒட்டியிருந்த மஞ்சளைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

மாலை வகுப்பில் ஜெசிந்தா அக்கா என் பெஞ்ச். நாற்பத்திரண்டு வயதில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதப்போகிறார்.

சனிக்கிழமை கணவரோடு ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பியபோது, அவர் மனையின் எல்லையில் நின்ற பலாமரம் இல்லை. அடிவேரையும் தோண்டி எடுத்து மண் போட்டு மூடியிருந்தார்கள். அங்கே மரமே நின்றதில்லை என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். அவருடைய வேலி ஆறடி உள்ளே வந்துவிட்டது. வியாழக்கிழமை சர்வேயர் வருகிறார்.

மெஷின் வைத்திருக்கும் எல்லோரையும் அக்கா கேட்டுவிட்டார். யாரும் வெட்டவில்லையாம்.

கணக்குப் பாடத்தின் நடுவே மெதுவாகச் சொன்னார்.

"வெட்டினவன்கூட நான் சண்டைக்குப் போவல்ல மக்களே. அங்க ஒரு பிலாவு நின்னுதுண்ணு ஒரு வார்த்த சொன்னா போதும்."

என் சட்டைக் கையில் மஞ்சள் ஒட்டியிருந்தது. மடித்துவிட்டுக்கொண்டேன்.

நான் நினைத்தது தப்பென்றால் ஒரு மனிதரின் பெயர் கெடும். சரியென்றால் டென்சன் அண்ணன் இனிக் கடைக்கு வரமாட்டார். முதலாளி என்னை வைத்திருக்கமாட்டார்.

வகுப்பு முடிந்தது. அக்கா பேருந்து ஏறும்வரை நின்றேன். சொல்லவில்லை.

இது இன்றைய இரண்டாவது தவறு. இதை எழுதும்போதுதான் தெரிகிறது, இதுதான் பெரியது.

நாளைய வேலை:

செயின் ஓடும் நீள இரும்புப் பட்டையின் பள்ளத்தை இன்னும் சுரண்டவில்லை. அதற்குள்ளும் அதே மஞ்சள் நிறத் தூள் இறுகிக் கிடக்கிறது.

டென்சன் அண்ணன் மெஷினை எடுக்கப் பத்து மணிக்கு வருவார்.

ஜெசிந்தா அக்காவை ஒன்பது மணிக்குக் கடைக்கு வரச் சொல்ல வேண்டும்.

அக்கா பார்த்த பிறகுதான் சுரண்ட வேண்டும்.