பிசிறு

கடல்நீரின் வெப்பத்தை ஆழவாரியாகக் கோடிழுத்துக் காட்டியது மென்பொருள். நாற்பது மீட்டரில் கோடு திடீரென்று முப்பத்தாறு டிகிரிக்குத் துருத்தியது. "சனியன், பிசிறு!" கருவியின் தப்பான அளவென்று வழக்கம்போல் அதை அழித்தாள் ஜெனோவா.

பத்தே நிமிடத்தில் மேலாளர் ஓடிவந்தார். "கடல்பண்ணையில முக்குளிக்கப் போன உன் வீட்டுக்காரருக்குக் கயிறு அறுந்துபோச்சும்மா! எந்த ஆழத்துல கெடக்காரு?"

அவளுக்குத் தான் அழித்த முப்பத்தாறு டிகிரி நினைவுக்கு வந்தது. அது உடம்புச் சூடு! "நாப்பது மீட்டர் சார், மீட்பு எந்திரத்தை இறக்குங்க!"

"நம்ம வாய்ச்சொல்லை அது கேக்காதும்மா. மென்பொருள் வரையிற படத்தைப் பாத்துத்தான் இறங்கும். அதுல காட்டு."

மென்பொருளில் புதிய படம் வரைந்தாள். நாற்பதில் கோடு மறுபடியும் துருத்தியது. இப்போது முப்பத்திரண்டு. "அந்தா சார்!" என்று விரலை நீட்டுவதற்குள் கோடு தானாக நேரானது.

திரையில் பணிவாக எழுத்து ஓடியது: "உங்கள் வழக்கப்படி பிசிறு நீக்கப்பட்டது. கடலில் யாரும் இல்லை."